ஸ்கேல் வைத்து அளப்பார்கள், ஜாக்கிரதை: ஆய்வேட்டு வடிவமைப்பு பற்றி வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆய்வேடு பற்றியவை. வைவா, வழிகாட்டியோடு மனஸ்தாபம், உதவித்தொகை எல்லாம் அடுத்த இதழுக்கு. இந்த முறை பக்க ஓரம், எழுத்துரு, துணைநூற்பட்டியல் மட்டும். அதாவது எல்லாம் எழுதி முடித்தாகிவிட்டது என்று நினைக்கும்போது வந்து தூக்கத்தைக் கெடுக்கிற சமாச்சாரங்கள்.

கேள்வி: அக்கா, என் ஆய்வேடு 190 பக்கம், வேர்டில் இருக்கிறது. ஒரு படத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் பத்துப் பக்கம் கலைகிறது. லேபில் சீனியர் அண்ணா லேடெக்குக்கு மாறிவிடு என்கிறார். ஐந்து வாரத்தில் சமர்ப்பிக்க வேண்டும். மாறலாமா?
(பொறியியல் ஆய்வு மாணவர், சேலம்)

மாறாதீர்கள். லேடெக் என்பது உரையோடு கட்டளைகளையும் தட்டிவைத்து, 'ஓட்டி'ப் பக்கங்களாக்கும் மென்பொருள். நான் வருடக்கணக்கில் அதில்தான் எழுதுகிறேன், அது பிடித்துப்போனவள் என்பதால்தான் சொல்கிறேன். ஐந்து வாரம் அதைக் கற்றுக்கொள்ளப் போதும், 190 பக்கத்தை மாற்றி வரிக்கு வரி சரிபார்க்கப் போதாது. பாண்டாக் என்ற இலவச மென்பொருள் வேர்ட் கோப்பை லேடெக்காக மாற்றித் தரும், தலைப்புகளும் பத்திகளும் ஓரளவு ஒழுங்காக வந்துவிடும், வேர்டின் சொந்த ஈக்வேஷன் வசதியில் போட்ட சமன்பாடுகளும் பெரும்பாலும் வரும். ஆனால் கட்டங்களை இணைத்து இணைத்து வரைந்த அட்டவணைகள் உருக்குலையும், படமாக ஒட்டிய சமன்பாடு படமாகவே இருக்கும், நீங்கள் கையால் 'படம் 4.7' என்று தட்டிய இடமெல்லாம் வெறும் எழுத்தாகவே நிற்கும். அதையெல்லாம் திருத்துகிற நேரத்தில் முடிவுரையை இன்னும் இரண்டு தடவை படித்துவிடலாம்.

படம் நகர்ந்தால் பக்கம் கலைவதற்கு வேர்டிலேயே வழி இருக்கிறது. எல்லாப் படத்தையும் 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' ஆக்குங்கள். புதுப் பக்கத்துக்குப் போக என்டர் தட்டித் தட்டித் தள்ளியிருப்பீர்கள் (எல்லோரும் செய்வதுதான்), அவற்றையெல்லாம் அழித்துவிட்டு 'பேஜ் பிரேக்' போடுங்கள். தலைப்புகளைக் கையால் தடித்த எழுத்தாக்காமல் 'ஹெடிங்' ஸ்டைலில் வையுங்கள், படத்தின் பெயரை 'இன்சர்ட் கேப்ஷன்' வழியாகப் போடுங்கள், உரைக்குள் அதைக் குறிப்பிடும் இடத்தில் 'கிராஸ் ரெஃபரன்ஸ்' பயன்படுத்துங்கள். இரண்டு நாள் உட்கார்ந்தால் முடிகிற வேலை. அப்புறம் எதை நகர்த்தினாலும் கன்ட்ரோல் ஏ, எஃப்9 அழுத்தினால் எண்கள் தாமாகவே திருந்திக்கொள்ளும்.

சீனியர் அண்ணா சொன்னது முதல் வருடத்தில் இருப்பவர்களுக்குச் சரி. அவர்கள் முதல் கட்டுரையையே லேடெக்கில் எழுதிப் பழகட்டும்.

கேள்வி: ஓரங்களை எல்லாம் விதிப்படி சரியாகக் கொடுத்துவிட்டேன். திரையில் சரியாக இருக்கிறது, அச்சில் மேலே நிறைய இடம் விட்டு வருகிறது. லேடெக்கில் ஏதாவது கோளாறா?
(இயற்பியல் ஆய்வு மாணவி, கோவை)

இது நான் பட்டு அனுபவித்தது. நான் ஆய்வேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்த நாளில், அலுவலகத்தில் இருந்தவர் பெயரையும் பார்க்கவில்லை, தலைப்பையும் பார்க்கவில்லை. டிராயரைத் திறந்து ஒரு 15 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்தார், நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைப் புரட்டினார், மேல் ஓரத்தில் வைத்தார். 25 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 37. இடது ஓரம் 40 இருக்க வேண்டும், 39 இருந்தது. 'மறுபடி எடுத்துட்டு வாங்கம்மா.' ஐந்து பிரதி, கெட்டி அட்டை, தங்க எழுத்து, எல்லாம் வீணாகப் போனது.

காரணம் சின்னது. லேடெக்கின் வழக்கமான வகுப்புகள் ('கிளாஸ்', அதாவது ஆவணத்தின் அடிப்படை அமைப்பை வைத்திருக்கும் கோப்புகள்) எதுவும் சொல்லாவிட்டால் அமெரிக்க லெட்டர் தாளைத்தான் எடுத்துக்கொள்ளும். அது 216க்கு 279 மி.மீ., நம்முடைய ஏ4 210க்கு 297. ஓரங்களை வைக்கும் ஜியாமெட்ரி பேக்கேஜை (பேக்கேஜ் என்பது லேடெக்கோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதி) கூப்பிட்டேன், ஓரங்களைச் சொன்னேன், ஏ4 தாள் என்று சொல்ல மறந்துவிட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரர் 'ஃபிட்' போட்டு அச்சடித்தார், அகலம் அடங்குவதற்காக எல்லாம் மூன்று சதவீதம் சுருங்கியது, நீளத்தில் மிஞ்சிய இடம் மேலும் கீழுமாகப் பிரிந்து ஒட்டிக்கொண்டது. உங்களுக்கும் மேலேதான் இடம் கூடுதலாக வருகிறது என்பதால் இதுவாகத்தான் இருக்கும்.

முதல் வரியிலேயே, வகுப்பைக் குறிப்பிடும் இடத்தில், ஏ4 தாள் என்று எழுதுங்கள். கடையில் 'ஆக்சுவல் சைஸ்' என்று சொல்லி, நீங்களே திரையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். முதலில் ஒரே ஒரு பக்கம் எடுத்து, உங்கள் ஸ்கேலால் நீங்களே அளந்துவிட்டு மற்றதை அடிக்கச் சொல்லுங்கள். பைண்டிங் பக்கம் ஓரம் அதிகம் கேட்பது தைக்கும்போது விழுங்கிவிடும் என்பதால்தான், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி: லேடெக்ஸா, லேடெக்கா? நேர்முகத்தில் 'லேடெக்ஸ்' என்றதற்குச் சிரித்தார்கள்.
(பெயர் வேண்டாம், சென்னை)

லேடெக். கடைசி எழுத்து கிரேக்க 'கை', நம் வாய்க்கு 'க்' என்று வருவது போதும். லேடெக்குக்கு அடித்தளமான டெக் மென்பொருளை எழுதிய டொனால்ட் குனூத், தன் புத்தகத்தின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கான அச்சுப் படிகளை 1977இல் பார்த்து, எழுத்துகளின் அழகு போய்விட்டதே என்று நொந்து, தானே ஒரு மென்பொருள் எழுதுகிறேன் என்று இறங்கினார். சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தார், ஓய வைக்க 1989 ஆகிவிட்டது. (ஆய்வு மாணவர்களுக்கு இந்தக் கதை ஆறுதலாக இருக்கும்.) அதன்பின் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, பிழை மட்டும் திருத்துவார், பதிப்பு எண்ணில் ஒவ்வொரு முறையும் கணிதத்தின் பை (π) எண்ணில் ஓர் இலக்கம் கூடும்: 2021இல் 3.141592653. லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் 80களில் கட்டியதுதான் லேடெக், முன்னால் உள்ள 'லே' அவர் பெயரிலிருந்து வந்தது என்றே எல்லோரும் சொல்கிறார்கள். சிரித்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்காது.

கேள்வி: தமிழில் ஆய்வேடு எழுதுகிறேன். மூன்று இயல்கள் பாமினியில் தட்டச்சு செய்தவை. லேடெக்கில் ஒட்டினால் ஆங்கில எழுத்தாக வருகிறது. யூனிகோடில் அடித்த நான்காம் இயலிலோ கொம்பெல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. தமிழுக்கு லேடெக் சரிவராதா அக்கா?
(தமிழ் முதுகலை மாணவி, யாழ்ப்பாணம்)

சரிவரும். ஆனால் உங்களிடம் இருப்பது இரண்டு வேறு வேறு பிரச்சினைகள்.

பாமினி என்பது தமிழ்போலத் தெரிகிற ஆங்கிலம். அந்த எழுத்துருவை எடுத்துவிட்டால் 'தமிழ்' என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாக நிற்கும், கோப்புக்குள் உண்மையில் இருப்பது அதுதான். எனவே முதலில் ஏதாவது ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள் (ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் பொது முறை அது). நடுவில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றையும் தமிழ் என்று நினைத்து அது குதறிவிடும், ஆகவே மாற்றுவதற்கு முன் ஆங்கிலச் சொற்களைத் தனியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் மெய்ப்புப் பார்க்காமல் விடாதீர்கள்.

கொம்புப் பிரச்சினைக்கு வருகிறேன். லேடெக்கை ஓட்டும் பழைய நிரலான பிடிஎஃப்லேடெக் தமிழுக்கு உதவாது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் யூனிகோடைப் படிக்கும், உங்கள் கணினியில் உள்ள எழுத்துருவை நேராக எடுத்துக்கொள்ளும். நோட்டோ செரிஃப் தமிழ் இலவசம், நீளமாகப் படிக்கவும் கண்ணுக்கு உறுத்தாது. எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் ஃபான்ட்ஸ்பெக் பேக்கேஜில் அதன் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பக்கத்திலேயே 'ஸ்கிரிப்ட்' தமிழ் என்றும் சொல்ல வேண்டும். கோப்பில் 'கொ' என்பது முதலில் க, அடுத்து ஒகரக் குறி என்றுதான் பதிவாகியிருக்கும். அந்தக் குறியைப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது எழுத்துருவுக்குள் இருக்கும் தமிழ் விதிகளின் வேலை. தமிழ் என்று சொல்லாவிட்டால் அந்த விதிகளை யாரும் எழுப்ப மாட்டார்கள். லுவாலேடெக் என்றால் 'ரெண்டரர்' ஹார்ஃப்பஸ் என்று ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று. தமிழ்ச் சொற்கள் நீளம், 'பயன்படுத்தப்பட்டுக்கொண்டிருந்தவற்றிலிருந்து' மாதிரி ஒன்று வரிக் கடைசியில் வந்தால் ஓரத்தைத் தாண்டிக்கொண்டு நீட்டி நிற்கும். 'எமர்ஜென்சிஸ்ட்ரெட்ச்' என்ற அளவை 3 எம் (எழுத்தின் அளவை ஒட்டிய நீள அலகு) என்று வைத்தால் சொல் இடைவெளிகளைக் கொஞ்சம் தளர்த்திப் பெரும்பாலானவற்றை உள்ளே இழுத்துவிடும். மிச்சத்துக்கு வாக்கியத்தை மாற்றுங்கள். அந்தச் சொல்லைப் பிரித்து எழுதினால் உங்கள் தேர்வாளரும் சந்தோஷப்படுவார்.

கேள்வி: துணைநூற்பட்டியலில் ழகரத்துக்குப் பிறகு வகரம் வருகிறது, றகரம் ரகரத்தோடு ஒட்டி வருகிறது. வழிகாட்டி 'உனக்கு அகரவரிசையே தெரியாதா' என்கிறார்.
(தமிழியல் ஆய்வாளர், மதுரை)

உங்களுக்குத் தெரியும், லேடெக்குக்குத் துணைநூற்பட்டியல் அடுக்கித் தரும் பழைய பிப்டெக்குக்குத்தான் தெரியாது. அது எழுத்துகளின் யூனிகோடு எண்ணைப் பார்த்து அடுக்குகிறது. அந்த எண்வரிசையில் நகரத்தை அடுத்து னகரம், ரகரத்தை அடுத்து றகரம், பிறகு ல, ள, ழ, வ. சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் ஜகரம் வேறு உட்கார்ந்திருக்கும். புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் 'க்' என்பது 'கௌ'வுக்கும் பிறகு போகும். பைப்லேடெக் பேக்கேஜுக்கு மாறி, பைபர் என்ற நிரலை ஓட்டி, வரிசைக்கான மொழி தமிழ் என்று கொடுத்தால் நம் வரிசையில் வரும். வந்தபின் முழுப் பட்டியலையும் ஒருமுறை விரல் வைத்துப் பார்த்துவிடுங்கள், வழிகாட்டி பார்ப்பார்.

பார்க்கும்போது நிறுவனப் பெயர்களையும் கவனியுங்கள். ஆசிரியர் இடத்தில் எது இருந்தாலும் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் இதற்கு உண்டு, அதனால் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் உங்கள் பட்டியலில் 'நிறுவனம், உலகத் தமிழாராய்ச்சி' என்று நகரத்தில் போய் உட்காரும். பெயரை இரட்டை நெளிவு அடைப்புக்குள் போட்டால் முழுதாக விட்டுவிடும். அப்பா பெயரைப் பின்னால் எழுதுகிறவர்களுக்கும் இதே வைத்தியம், இல்லாவிட்டால் புத்தகம் எழுதியது மகளாக இருக்கும், பட்டியலில் அப்பா வந்து நிற்பார்.

கேள்வி: படத்தை ஓரிடத்தில் போட்டால் வேறு பக்கத்தில் வருகிறது. உரையில் படம் 3.2 என்று வரவேண்டிய இடத்தில் இரண்டு கேள்விக்குறி.
(முதுகலை மாணவர், திருச்சி)

கேள்விக்குறிக்கு: லேடெக்கை இன்னொரு தடவை ஓட்டுங்கள், முதல் ஓட்டத்தில் எண்களைக் குறித்துக்கொள்ளும், இரண்டாவதில்தான் எழுதும். அப்படியும் போகாவிட்டால் படத்துக்கு அடையாளமாக வைத்த லேபிளின் பெயரை எங்கோ தப்பாக அடித்திருக்கிறீர்கள். படத்துக்கு: அது மிதக்கட்டும், விடுங்கள். 'கீழே உள்ள படத்தில்' என்று எழுதாமல் 'படம் 3.2இல்' என்று எழுதினால் அது எங்கே போனால் என்ன. இங்கேதான் வேண்டும் என்று வழிகாட்டி அடம்பிடித்தால் ஃப்ளோட் பேக்கேஜைக் கூப்பிட்டுப் பெரிய 'ஹெச்' போடுங்கள், பக்கத்தில் பாதி வெள்ளையாக விழுந்தால் அவரிடமே காட்டுங்கள்.

கேள்வி: அச்சுப் பிரதி கொடுத்தாயிற்று. இப்போது சோத்கங்காவுக்கு (ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) இயல் இயலாகத் தனித்தனி பிடிஎஃப் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி ஓட்ட வேண்டுமா?
(வரலாற்று ஆய்வாளர், தஞ்சாவூர்)

வேண்டாம். பிரித்துத் தனியாக ஓட்டினால் பக்க எண் ஒவ்வொன்றிலும் 1இலிருந்து தொடங்கிவிடும். முழுக் கோப்பை ஒருமுறை ஓட்டிவிட்டு 'இன்க்ளூட்ஒன்லி' கட்டளையில் ஒரு இயலின் பெயரை மட்டும் கொடுத்து ஓட்டினால் பழைய பக்க எண்களை நினைவில் வைத்துக்கொண்டு அந்த இயலை மட்டும் தரும். அதுவும் சிரமம் என்றால் முடிந்த பிடிஎஃபையே பக்க எண் பார்த்து வெட்டிக்கொள்ளுங்கள், ஏற்றுக்கொள்வார்கள். அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து மட்டும் ஏற்றாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2009இலேயே மின்பிரதி கட்டாயம் என்று சொன்னதும், காந்திநகரில் இன்ஃப்லிப்நெட் என்ற மையம் இந்தக் களஞ்சியத்தை நடத்துவதும் யாராவது தேடிப் படிப்பதற்காகத்தான், ஸ்கேன் செய்த படத்துக்குள் எதையும் தேட முடியாது.

தமிழில் எழுதியிருந்தால் ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை. பிடிஎஃபைத் திறந்து, நிச்சயமாக உள்ளே இருக்கிற ஒகரச் சொல் ஒன்றை, 'கொடை' என்று வைத்துக்கொள்வோம், தேடிப் பாருங்கள். கண்ணெதிரே அந்தச் சொல் இருக்கும், இல்லை என்று சொல்லும். திரையில் தெரிகிற வரிசையிலேயே கொம்பை முன்னால் சேமித்துவைத்ததால் வருகிற வினை அது. ஸீலேடெக்கில் 'ஸீடெக்ஜெனரேட்ஆக்சுவல்டெக்ஸ்ட்' என்ற நீளப் பெயருடைய அமைப்பு ஒன்று உண்டு, அதை 1 ஆக்கிவிட்டு மறுபடி ஓட்டித் தேடுங்கள், 'கொடை' கிடைத்ததும் ஏற்றலாம்.