யாளி முட்டையிடுமா?

விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சங்கப் பாட்டு என் பழைய பைத்தியம். பாட்டிலும் கோயிலிலும் வரும் கற்பனை உயிர்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே நிபந்தனை: கவிஞர் சொன்னதை மாற்ற மாட்டேன். உடம்பு அதற்கு ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் பார்ப்பேன்.

சார், யாளி முட்டையிடுமா, குட்டி போடுமா? என் மகள் இரண்டு நாளாக விடமாட்டேன் என்கிறாள்.

குட்டிதான். பொருநராற்றுப்படையில் கரிகாலனின் வீரத்தைச் சொல்லும்போது ஓர் ஆளிக் குருளை வருகிறது (யாளியைத்தான் சங்கப் பாட்டு ஆளி என்கிறது; குருளை என்றால் குட்டி). 'முலைக்கோள் விடாஅ மாத்திரை', அதாவது தாய்ப்பாலை மறக்கும் முன்பே, முதல் வேட்டையிலேயே களிற்றைச் சாய்த்துவிட்டதாம். பால் குடிக்கிறது, ஆகவே பாலூட்டி.

உங்கள் மகள் கெட்டிக்காரி என்றால், "பிளாட்டிபஸ் முட்டையும் இடும், பாலும் கொடுக்குமே" என்று மடக்குவாள். பிளாட்டிபஸுக்கு முலைக்காம்பு கிடையாது, பால் தோலில் கசியும், குட்டி அதை நக்கிக் குடிக்கும் என்று சொல்லுங்கள். பாட்டில் இருப்பது முலையை விடாத குட்டி. வழக்கு முடிந்தது.

அவ்வளவு பெரிய யானையைக் கொன்று எதைத் தின்னும்? முழுவதையுமா?

நான் காத்திருந்த கேள்வி இது. அகநானூறு தெளிவாகச் சொல்கிறது: தந்தத்தைப் பிடுங்கி அதன் குருத்தை அருந்தும். இதைச் சும்மா அலங்காரம் என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தந்தம் என்பது நீண்டு வளர்ந்த வெட்டுப்பல். அதன் அடிப்பகுதி மண்டை ஓட்டுக்குள் புதைந்திருக்கும். அங்கே உட்கூடு, உள்ளே ரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் மெத்தென்ற பற்கூழ். குருத்து என்ற சொல் அதற்கு அப்படிப் பொருந்துகிறது! செத்த யானையின் தந்தத்தை அடியோடு பிடுங்கியதைப் பார்த்த யாரோ ஒருவரிடமிருந்து வந்த செய்தியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஒரு வாய் குருத்துக்கு ஒரு யானையா, கட்டுப்படியாகுமா என்றால், தென்னங்குருத்துக்காக ஒரு மரத்தையே சாய்க்கிறோமே. சால்மன் மீன் ஆற்றில் குவியும் காலத்தில் கரடியும் இப்படித்தான், மூளையையும் சினையையும் தின்றுவிட்டு மிச்சத்தை எறிந்துவிடும். இரை மலிந்த இடத்தில் ருசி பார்த்துத் தின்பது இயல்பு. ஆனால் யானை 22 மாதம் சுமந்து ஒரு கன்று ஈனும்; அடுத்த கன்றுக்கு நான்கைந்து வருடம் ஆகும். அந்த வேகத்துக்குப் பத்து யாளி இருந்தாலே காடு காலி. ஆகவே யாளி மிக மிக அரிதாக, தனியாகத் திரியும் விலங்காகத்தான் இருக்க முடியும். யாரும் பார்த்ததில்லை என்பதற்கு நாகரிகமான காரணமும் கிடைத்துவிட்டது.

கோயில் யாளியின் வாயில் உருளும் கல் எதற்கு?

அது சிற்பியின் கைத்திறன். பல்லிடுக்கு வழியாக உளிவிட்டு, அதே கல்லிலேயே குடைந்தது. விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. விலங்கியலுக்கு வேலை இல்லை. கோயில் யாளிக்குச் செதுக்கும் துதிக்கையும் அப்படியே, மேலே சொன்ன இரண்டு பாட்டிலும் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

இசைக்கு மயங்கும் அசுணம் என்ற விலங்கு பறை கேட்டால் செத்துவிடும் என்கிறார்கள். மலைக்காட்டில் இடி இடிக்காதா ஐயா? என்றைக்கோ பூண்டோடு போயிருக்குமே?

சபாஷ். அகநானூற்றில் அசுணம் மலைப் பிளவுக்குள் இருக்கிறது. யானையின் மதநீரில் மொய்க்கும் வண்டுகளின் ரீங்காரத்தை யாழ் என்று நினைத்து உற்றுக் கேட்கிறது. அவ்வளவு கூர்மையான செவி. நற்றிணையோ, அசுணத்தைக் கொல்பவரின் கை இன்பமும் துன்பமும் தருவது என்கிறது. யாழ் வாசித்து மயக்கிப் பிறகு பறையை அறைவார்கள் என்பது உரைகாரர் விளக்கம்.

நம் நடுச்செவியில் இரண்டு குட்டித் தசைகள் உண்டு. பெரிய சத்தம் வந்தால் அவை இறுகிச் செவியைக் காக்கும். ஆனால் இறுகக் கொஞ்சம் நேரம் வேண்டும். திடீர் ஒலி அதற்குள் நுழைந்துவிடும். இடிக்கு முன்னால் காற்று, கருமேகம், மின்னல் என்று எச்சரிக்கை வரும், அசுணம் பொந்தின் ஆழத்துக்குப் போய்விடும். வேடன் எச்சரிக்கையே தருவதில்லை, அதுவும் மெல்லிசையில் செவி முழுவதும் திறந்து கிடக்கும் நேரம். செவி கிழிந்தால் உயிர் போகாதுதான். அதிர்ச்சியில் போகும், பிடிபட்ட மான் காயமே இல்லாமல் செத்துப்போவது உண்டு.

அன்னம் பாலையும் நீரையும் பிரிப்பது அலகால் வடிகட்டியா?

முடியாது. பூநாரைக்கு அலகில் சல்லடை உண்டு, பாசியையும் சின்னஞ்சிறு இறாலையும் வடிகட்டும். பாலின் கொழுப்புத் துளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. புரதத் துகள் அதிலும் சிறியது. எளிய வழி புளிப்புதான். எச்சிலில் அமிலம் இருந்தால் பால் திரியும், திரளைத் தின்றுவிட்டு நீரைத் துப்பிவிடலாம். பனீர் போடும் பறவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பறப்பது மட்டும் கற்பனையில் சேராது. புறநானூற்றில் பிசிராந்தையார் பாடும் அன்னச் சேவல் குமரித் துறையில் மேய்ந்துவிட்டு வடமலைக்குப் போகிறது. இமயத்தைத் தாண்டிப் பறக்கும் வரித்தலை வாத்து இன்றும் குளிர்காலத்தில் நெல்லைப் பக்கம் கூந்தன்குளத்துக்கு வருகிறது.

நாகமணி வெளிச்சத்தில் பாம்பு இரை தேடுமா?

தேடாது. நிலத்தில் வாழும் முதுகெலும்பிகளில் தானாக ஒளிவிடும் உயிர் ஒன்றுகூட இல்லை. போதாக்குறைக்கு, இருட்டில் விளக்கேற்றிக்கொண்டு போனால் எலி நின்று பார்த்துக்கொண்டிருக்குமா?

சிங்கமும் பறவையும் கலந்த சரபத்துக்கு எட்டுக் கால், இரண்டு சிறகு. சாத்தியமா அண்ணா?

திருபுவனம் போய்ச் சரபேசுவரரைக் கும்பிட்டு வாருங்கள், எலும்புக்கூட்டை எண்ணாதீர்கள். முதுகெலும்பு உள்ளவற்றுக்குக் கை, கால், சிறகு எல்லாம் சேர்த்து நான்குதான். பறவையின் சிறகே முன்னங்கால்தான். இங்கே பத்து வருகிறது. பறப்பதும் சிக்கல்: இன்று பறக்கும் பறவைகளில் அதிக எடை ஏறக்குறைய 20 கிலோதான். சிங்க உடம்பு அதில் அடங்காது.

கபிலரின் இருதலைப்புள்ளுக்கு (இரண்டு தலைப் பறவை) எந்தத் தலை முடிவெடுக்கும்?

ஓர் உடல், இரண்டு மூளை. நிஜத்தில் இரட்டைத் தலைப் பாம்புகள் பிறக்கின்றன. ஒரே இரைக்கு இரண்டு தலையும் சண்டை போடும், எது விழுங்கினாலும் ஒரே வயிற்றுக்குத்தான் போகிறது என்பது தெரியாமல். கபிலரோ 'இருதலைப் புள்ளின் ஓருயிர் அம்மே' என்று அதை நட்புக்கு உவமை ஆக்கிவிட்டார். அவர் இப்படி ஒரு பாம்பைப் பார்த்திருக்க மாட்டார்.