கரிசல் காட்டை அடகு வைக்காதீர்கள், அண்ணாச்சி

மகளின் படிப்புக்கு ஆலோசனை கேட்டு கோவில்பட்டியிலிருந்து என்னிடம் வந்த அந்த அம்மா உட்கார்ந்ததுமே அழுதுவிட்டார். பி.எஸ்சி. சைக்காலஜி மூன்றாம் வருடம் படிக்கும் மகள், சைக்கடெலிக் மருந்துகளையும் (புலனுணர்வையும் மனநிலையையும் சில மணி நேரம் மாற்றிவிடுபவை) மனித உணர்வுநிலையையும் ஆராயப் போகிறேன் என்கிறாளாம். "போதைக்கு எதுக்குக் காலேஜு? எம்.பி.ஏ. சேரு" என்று தாய்மாமன் சத்தம் போட்டிருக்கிறார். அப்பாவோ நாலு ஏக்கர் கரிசல் காட்டை அடகு வைத்து லண்டனுக்கு அனுப்பத் தயார்.

அம்மா, பயப்படாதீர்கள். இது கௌரவமான துறை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலும் லண்டன் இம்பீரியல் காலேஜிலும் 2019-இலேயே இதற்கென்று தனி மையங்கள் வந்துவிட்டன. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், வேறு சிகிச்சைக்கு மசியாத மனச்சோர்வுக்கு, சில காளான்களில் இருக்கும் சைலோசைபினை அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் தரலாம்.

ஆறுதல் இவ்வளவுதான்.

மாமன் பேச்சைக் கேட்டு எம்.பி.ஏ.வில் தள்ளாதீர்கள். ஏன் இந்த ஆசை என்று அவளிடம் தனியாகக் கேட்டேன். புற்றுநோயில் கிடந்த பாட்டி, கடைசி மாதங்களில் சாவுப் பயத்தில் தூங்காமல் இவள் கையைப் பிடித்தபடியே கிடந்தாராம். புற்றுநோயாளிகளின் பதற்றமும் மனச்சோர்வும் சைலோசைபினால் குறைந்ததாக 2016-இல் வந்த ஆய்வுகளை அவள் தேடிப் படித்திருக்கிறாள். இந்தப் பிள்ளையை மார்க்கெட்டிங் படிக்க வைப்பது பாவம்.

அண்ணாச்சி, நீங்கள் நிலத்தைத் தொடாதீர்கள். ஒரு வருட வெளிநாட்டு எம்.எஸ்சி.யை நம்பி எந்த ஆய்வகமும் இந்த மருந்தைக் கையில் தராது. இத்துறையில் இருப்பவர்கள் மனநல மருத்துவத்திலோ மருந்தியலிலோ உளவியலிலோ ஊறியவர்கள். ஹாப்கின்ஸிலிருந்து 2006-இல், பரவலாகப் பேசப்பட்ட சைலோசைபின் ஆய்வை வெளியிட்ட ரோலண்ட் கிரிஃபித்ஸ், அதற்கு முன் பல ஆண்டுகள் காபியில் இருக்கும் காஃபினை ஆராய்ந்தவர். வெளிநாடு பிஎச்.டி.க்கு, அதுவும் உதவித்தொகை கிடைத்தால் மட்டும்.

இப்போதைக்கு காக்னிட்டிவ் சயின்ஸ், அதாவது மனமும் மூளையும் எப்படி அறிகின்றன என்று ஆராயும் படிப்பு. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், அலகாபாத் பல்கலைக்கழகம், காந்திநகர் ஐ.ஐ.டி. ஆகியவற்றில் இரண்டு வருட எம்.எஸ்சி. இருக்கிறது. மூன்றும் மத்திய அரசுடையவை. கட்டணத்துக்கு நிலத்தை நினைக்கவே வேண்டாம். நம் பக்கத்துப் பிள்ளைகள் ஏனோ விண்ணப்பிப்பதே இல்லை.

இத்துறையின் அரிச்சுவடி போன்ற ஒரு சோதனையைச் சொல்கிறேன். இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு வேறொரு படம் காட்டுவார்கள். பெரும்பாலும் இரண்டும் கலந்து தெரியாது. சில நொடி ஒன்று, பிறகு மற்றது. கண்ணில் விழும் படம் அப்படியே இருக்க, தெரிவது மட்டும் மாறுகிறது. மாறும் அந்தக் கணத்தில் மூளையில் என்ன நடந்தது? தலையில் மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. தொப்பி மாட்டி, ஒவ்வொரு மின்முனைக்கும் ஜெல் வைத்துப் பதிவு செய்வார்கள். எண்ணெய் வைத்த தலையோடு வந்தால் சிக்னல் கெடும், குளித்துவிட்டு வரச் சொல்வார்கள். பிறகு அந்த அலைகளை பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதிப் பிரித்து, புள்ளியியலில் போட்டுப் பார்க்க வேண்டும். இதைக் கற்றவளுக்கு நாளை எந்த மருந்தின் ஆய்விலும் இடம் உண்டு. மருந்து ஆராய்ச்சி கைகூடாவிட்டாலும் மென்பொருள் வடிவமைப்பு ஆய்வு, மறுவாழ்வு மையங்கள் என்று பிழைக்க வழி இருக்கிறது.

மகளுக்கும் ஒன்று, இதில் பேச்சுக்கே இடமில்லை. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி எல்.எஸ்.டி. என்ற இன்னொரு சைக்கடெலிக்கும் சைலோசைபினும் இங்கே தடை. அனுபவித்துப் பார்த்தால்தான் புரியும் என்று யார் நீட்டினாலும் தொடக் கூடாது.

போன செமஸ்டரில் புள்ளியியலில் 52 வாங்கியிருக்கிறாள். நுழைவுத்தேர்வுக்கு முன் அந்தப் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து போடச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.