கின்ட்சுகியில் உடைந்த கிண்ணத்தை ஒட்டுவது தங்கமா?

கின்ட்சுகி என்பது உடைந்த பீங்கான், மண் பாத்திரங்களை ஒட்டிச் சீராக்கும் ஜப்பானியக் கலை. அதன் பின்னால் இருக்கும் வாபி-சாபி என்பது பழசானதிலும் கோணலானதிலும் அழகைக் காணும் ஜப்பானிய ரசனை. 16-ஆம் நூற்றாண்டில் தேநீர்ச் சடங்கைச் செம்மைப்படுத்திய சென் நோ ரிக்யூ, கையால் பிடித்துச் செய்த கரடுமுரடான ராக்கு கிண்ணங்களை விரும்பியது இதற்குப் பேர் போன உதாரணம். விரிசலை மறைக்காமல் தங்கக் கோடாகக் காட்டும் கின்ட்சுகியும் இதே ரசனைதான்.

ஒட்டுவது உருஷி என்ற மரப்பால். கோதுமை மாவோடு அதைப் பிசைந்து, உடைந்த விளிம்புகளில் மெல்லிசாகப் பூசிச் சேர்ப்பார்கள். உருஷியில் உள்ள நொதிக்கு ஈரம் இருந்தால்தான் வேலை ஓடும். புது சிமெண்ட் தளத்துக்குத் தண்ணீர் விட்டு இறுகவைக்கிறோமே, கிட்டத்தட்ட அப்படி. அதனால் 70–80 சதவீத ஈரப்பதம் உள்ள பெட்டியில் ஓரிரு வாரமாவது வைக்க வேண்டும். வறண்ட இடத்தில் வைத்தால் பிசுபிசுவென்றே கிடக்கும். கனமாகப் பூசினால் மேல்தோல் மட்டும் இறுகிச் சுருங்கும், உள்ளே பச்சையாகவே இருக்கும். பச்சை உருஷி தோலில் பட்டால் கொப்புளம் வரும், கையுறை கட்டாயம்.

சில்லு போன இடத்தைக் களிமண் பொடி கலந்த உருஷியால் நிரப்பித் தேய்த்த பிறகு, மேலே சிவப்பு உருஷியில் மெல்லிய கோடு. அது பாதி இறுகும்போது தங்கப் பொடி தூவ வேண்டும். அவசரப்பட்டால் பொடி உள்ளே மூழ்கிவிடும், தாமதித்தால் ஒட்டாது.

உருஷி இல்லாமலும் இப்படி ஒட்டுபவர்கள் உண்டு. கொரியக் கலைஞர் யீ சூக்யுங், குயவர்கள் கழித்துப்போட்ட பீங்கான் சில்லுகளை எபாக்ஸி என்ற செயற்கைப் பசையால் ஒட்டி, இணைப்புகளில் தங்க இலை பூசிப் புது உருவங்கள் செய்கிறார்.

தங்கத்தை உருக்கி விரிசலில் ஊற்றுகிறார்கள் என்று பலர் நினைப்பது தவறு. தங்கம் கடைசியில் தூவும் மேல்பூச்சு மட்டுமே.