ஏத்தர் 450எக்ஸ் மாதிரி எலக்ட்ரிக் ஸ்கூட்டர் காலேஜ் பசங்களுக்கு ஏன் இவ்ளோ புடிக்குது?

லுக்குதான்னு எல்லாரும் சொல்வாங்க, சரிதான், ஆனா அந்த லுக்கு எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. எஞ்சின், பெட்ரோல் டேங்க், சைலன்சர் எதுவும் கிடையாது, பேட்டரிய கால் வைக்கிற இடத்துக்கு அடியில தள்ளிட்டாங்க, அதனால பின்பக்கத்த ஒல்லியா கூர்மையா செதுக்க முடிஞ்சுது, வெயிட்டும் கீழயே இருக்கறதால வளைவுல சாய்ச்சு ஓட்ட தைரியம் வருது. ஸ்கூட்டர்னாலே அப்பா காய்கறி வாங்கப் போற வண்டிங்கற பேரு இங்கதான் ஒடஞ்சுது (என் கருத்து, சண்டைக்கு வராதீங்க).

அடுத்து மோட்டார். கிளட்ச் கியர் இல்ல, முறுக்குன உடனே இழுவை கெடச்சிடும், வார்ப் மோட்ல (இந்த வண்டியோட ஃபுல் வேக மோடு) 0-40 கிமீ வேகம் எட்ட 3.3 செகண்டுங்கறது கம்பெனி கணக்கு, சிக்னல்ல பச்ச விழுந்ததும் பக்கத்துல நிக்கறவன முந்துற கெத்துக்கு அது தாராளமா போதும். 7 இன்ச் ஸ்க்ரீன்ல மேப்பு, ரிவர்ஸ் மோடு, போன்ல ஆப்புன்னு கேட்ஜெட் பிரியர்களுக்கு தனி ஜாலி. ஐஐடி மெட்ராஸ்ல படிச்ச ரெண்டு பேர் 2013ல ஆரம்பிச்ச கம்பெனி, வண்டி நம்ம ஓசூர்ல தயாராகுது, அதுவும் ஒரு பெருமைதான்.

ஆனா வார்ப்லயே முறுக்கிட்டு திரிஞ்சா சார்ஜ் கடகடன்னு எறங்கிடும், வெலையும் அப்பாகிட்ட பேசறப்ப கொஞ்சம் இடிக்கும்.