அதிகம் பேசப்படாத நல்ல படங்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

கேள்வி: உலக சினிமா என்று எல்லோரும் தரும் பட்டியல்களில் முக்கால்வாசியைப் பார்த்துவிட்டேன். ஓடிடி தளங்களோ ஒரே மாதிரிப் படங்களையே காட்டுகின்றன. வெளியே தெரியாத சுயாதீனப் படங்களையும் அயல்மொழிப் படங்களையும் எங்கே தேடுவது?

பதில்: ஓடிடியின் முகப்பில் தேடிப் பயனில்லை. நீங்கள் பார்த்தவையும் மற்றவர்கள் அதிகம் பார்த்தவையும்தான் அங்கே முன்னால் வரும். சில ஆயிரம் பேர் மட்டும் பார்த்த படம் மேலே வர வழி குறைவு. ஆகவே படத்தைத் தேடுவதைவிட, படங்களைத் தேர்ந்தெடுப்பவர்களைத் தேடுங்கள்.

முதலில் திரைப்பட விழாக்கள். உச்ச விருது வென்ற படத்தை விட்டுவிடுங்கள், அது எப்படியும் உங்களை வந்தடையும். பக்கப் பிரிவுகளில்தான் புதையல் இருக்கிறது. பிரான்சின் கான் திரைப்பட விழாவில் 1962 முதல் நடக்கும் விமர்சகர் வாரம், இயக்குநர்களின் முதல் இரண்டு படங்களையே போட்டிக்கு எடுக்கிறது. அதே ஊரில் 1969இல் தொடங்கிய இயக்குநர்கள் பிரிவு, பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவு, நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் நடக்கும் டைகர் போட்டி ஆகியவற்றையும் பாருங்கள். இந்த ஆண்டுப் பட்டியலை எடுத்தால் பாதிப் படங்கள் எங்கும் கிடைக்காது, விநியோகத்துக்கு வரவே ஓராண்டுக்கு மேல் ஆகலாம். நான்கைந்து ஆண்டு பழைய பட்டியலே கைகொடுக்கும்.

ஆஸ்கரின் பன்னாட்டுப் படப் பிரிவுக்கு அண்மை ஆண்டுகளில் எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் படம் அனுப்பிவருகின்றன. குறும்பட்டியலில் 15 படங்கள், இறுதியில் 5. மீதிப் படங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவையும் அந்தந்த நாடு சலித்தெடுத்து அனுப்பியவை என்பதை மறக்க வேண்டாம்.

மிகச் சிறந்த வழி ஒன்று உண்டு, ஏனோ பலர் பயன்படுத்துவதில்லை. பிரிட்டிஷ் சினிமா இதழான 'சைட் அண்ட் சவுண்ட்', மிகச் சிறந்த படங்கள் எவை என்று 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை வாக்கெடுப்பு நடத்துகிறது. 2022இல் 1,600க்கும் மேற்பட்டோர் ஆளுக்குப் பத்துப் படங்களைச் சொன்னார்கள். வாக்குகளைக் கூட்டி வந்த இறுதிப் பட்டியலை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். தனித்தனி வாக்குகள் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் தளத்தில் இருக்கின்றன, அவற்றைப் படியுங்கள். உங்களுக்குப் பிடித்த மூன்று படங்கள் யாருடைய பத்தில் இருக்கின்றனவோ, அவருடைய மீதி ஏழையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பிடித்த படத்தின் இயக்குநரோடு நிற்காமல் ஒளிப்பதிவாளர், திரைக்கதையாசிரியர் பெயர்களையும் பின்தொடருங்கள். தாய்லாந்து இயக்குநர் அபிசட்போங் வீரசெதகுலுக்கு ஒளிப்பதிவு செய்த சயோம்பு முக்தீப்ரோம்தான் போர்ச்சுகலின் மிகெல் கோமெஸுக்கும் இத்தாலியின் லூகா குவதன்யீனோவுக்கும் செய்தார். ஒரு பெயர் மூன்று நாடுகளைத் திறந்துவிடுகிறது. ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமியைப் பிடிக்குமென்றால், அவர் திரைக்கதை எழுதி, ஜாஃபர் பனாஹி இயக்கி, 1995இல் கானில் முதல் படத்துக்கான கேமரா தோர் விருது பெற்ற 'தி ஒயிட் பலூன்' படத்துக்குப் போங்கள்.

பழைய படங்களுக்கு, அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி 2007இல் தொடங்கிய 'வேர்ல்ட் சினிமா ப்ராஜெக்ட்' மீட்டெடுத்தவற்றின் பட்டியலே போதும். ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று எங்கும் அது தொட்டிருக்கிறது.

சராசரி மதிப்பெண்ணை நம்பாதீர்கள். முந்நூறு வாக்குகளே பெற்ற படத்தில் படக்குழுவின் நண்பர்களே கணிசமாக இருக்கலாம். பார்வையாளர்கள் படங்களை மதிப்பிட்டு எழுதும் 'லெட்டர்பாக்ஸ்ட்' தளத்தில் நாடு, பத்தாண்டு என்று வடிகட்டி, குறைவாக மதிப்பிட்டவர்கள் சொல்லும் காரணத்தைப் படியுங்கள். "கதையே நகரவில்லை" என்ற குறை சிலருக்குப் பரிந்துரை.

தேடும்போது பெயர் குழப்பும். ஒரே படத்துக்கு மூல மொழியில் ஒன்று, விழாவில் ஒன்று, வெளியீட்டில் ஒன்று எனப் பல தலைப்புகள் இருக்கும். இயக்குநர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடினால் சிக்கும்.

சொந்தமாக வாங்கிய பிரதியில் சப்டைட்டில் தனிக் கோப்பாக இருந்தால் இன்னொரு தொல்லை வரலாம். தொடக்கம் முதல் ஒரே அளவு பிந்தினால், விஎல்சி வீடியோ பிளேயரில் ஜி, எச் விசைகளால் நகர்த்திச் சரிசெய்யலாம். போகப்போக இடைவெளி பெருகினால் காரணம் பெரும்பாலும் வேறு: சப்டைட்டில் நொடிக்கு 24 ஃபிரேம் (தனிப் படச்சட்டம்) ஓடும் பிரதிக்கானது, உங்களிடம் இருப்பதோ அதே படத்தை 25 ஃபிரேமில் ஓட்டும் பிரதி. ஒரு மணி நேரப் பகுதி 57.6 நிமிடத்தில் முடிந்துவிடும், சப்டைட்டில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்திப்போகும். விசையால் நகர்த்தித் தீராது. 'சப்டைட்டில் எடிட்' மென்பொருளில் கோப்பின் ஃபிரேம் வேகத்தையே 24இலிருந்து 25க்கு மாற்றிச் சேமியுங்கள்.