இறக்கிய வண்டியில் டயர் உள்பக்கம் மட்டும் தேய்வது

நண்பரே, ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மாற்றி வண்டியின் உயரத்தை இறக்கியதிலிருந்து முன் டயர்கள் உள்பக்கம் தேய்கின்றன, கிருஷ்ணகிரியில் அலைன்மென்ட் பார்த்தும் கேம்பர், அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம், மைனஸ் 2 டிகிரியிலேயே நிற்கிறது என்கிறீர்கள். வண்டி தாழ்ந்தால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாயத்தான் செய்யும். ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) பிடிக்கும் இரண்டு போல்ட்டில் மேல் போல்ட்டுக்குப் பதிலாக கேம்பர் போல்ட் போடச் சொல்லுங்கள். அதன் தண்டில் மையம் விலகிய தடிப்பு இருக்கும். திருப்பினால் சக்கரம் நிமிரும், சுமார் 1 டிகிரி மீட்கலாம். ஸ்ட்ரட்டின் போல்ட் துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்க மட்டும் விடாதீர்கள். எனக்கு அப்படித்தான் ராவிக் கொடுத்தார்கள். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் மிதித்ததும் 'டக்'கென்று போல்ட் நழுவி ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது. இன்னும் மறக்கவில்லை. கேம்பரைத் தொட்டால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறும், அப்புறம் அதையும் கட்டாயம் சரியாக வைத்துவிடுங்கள். டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் டோதான்.