யாருக்கும் கட்டுப்படாதவர்!

கேள்வி: அமெரிக்காவில் அரசு வழக்கறிஞரையே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களாமே! அப்படி வந்தவர் எந்தக் கட்சிக்கும் பயப்படாமல் வழக்கு நடத்துவார் அல்லவா?

பதில்: கட்சிக்குப் பயப்பட மாட்டார், சரி. அடுத்த தேர்தலுக்குப் பயப்படுவாரே! அங்கே பெரும்பாலான மாநிலங்களில் 'டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி', அதாவது அரசு வழக்கறிஞர், என்பது பிரசாரம் செய்து, ஓட்டுக் கேட்டு ஜெயிக்க வேண்டிய பதவி. ஜெயித்தவருக்கு அதுவே மேலே ஏற முதல் படி.

பிலடெல்பியாவின் ஆர்லன் ஸ்பெக்டரைப் பாருங்கள். அந்த ஊர் அட்டர்னி அலுவலகத்தில் உதவி வழக்கறிஞர். கென்னடி கொலையை விசாரித்த வாரன் கமிஷனிலும் வேலை பார்த்தார். கென்னடியின் கழுத்தைத் துளைத்த அதே குண்டுதான் காரில் அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த டெக்சாஸ் ஆளுநர் கானலியையும் காயப்படுத்தியது என்ற வாதத்தை உருவாக்கியவர் இவர்தான். இன்றுவரை நம்புகிறவர்களும் உண்டு, சிரிப்பவர்களும் உண்டு.

1965-ல் தன் மேலதிகாரியான டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியை எதிர்த்தே தேர்தலில் நின்றார். இருவரும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். ஆனால் ஸ்பெக்டருக்கு டிக்கெட் கொடுத்தது குடியரசுக் கட்சி! ஜெயித்த பிறகுதான் முறைப்படி கட்சி மாறினார். நாற்காலி சூடாவதற்குள், 1967-ல், மேயர் தேர்தலில் குதித்துத் தோற்றார். 1969-ல் மறுபடி அட்டர்னி தேர்தல். கூடைப்பந்து வீரர் டாம் கோலாவுடன் சேர்ந்து நின்ற அந்தத் தேர்தலில் அவர்களுடைய கோஷம்: 'இளையவர்கள், உறுதியானவர்கள், யாருக்கும் கட்டுப்படாதவர்கள்'. நீங்கள் எதிர்பார்க்கும் ஆளை அப்படியே போஸ்டரில் போட்டதுபோல் இல்லை? 1973-ல் அந்தப் பதவியும் போனது. அப்புறம் செனட்டுக்கும் ஆளுநர் பதவிக்கும் முயன்று, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலிலேயே இரண்டு முறை மண்ணைக் கவ்வினார். 1980-ல்தான் செனட் கிடைத்தது. விடாக்கண்டன்!

செனட்டுக்குப் போயும் கறுப்புக் கோட்டைக் கழற்றவில்லை. 1991-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு கிளாரன்ஸ் தாமஸ் பெயர் வந்தபோது, அவர்மீது பாலியல் தொல்லைப் புகார் சொன்ன அனிட்டா ஹில்லைக் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைப்போலக் குறுக்கு விசாரணை செய்தார். பொய்ச் சாட்சி சொன்னதாகவே குற்றம் சாட்டினார். அந்தக் கோபத்தில் அடுத்த ஆண்டு லின் யேக்கல் என்ற பெண் எதிர்த்து நிற்க, ஸ்பெக்டர் தப்பிப் பிழைத்தார்.

நியாயமாகச் சொன்னால், அவர் கட்சித் தலைமைக்குத் தலையாட்டுகிற ஆளும் இல்லை. 1987-ல் தன் கட்சி ஜனாதிபதி ரீகன் உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்க விரும்பிய நீதிபதி போர்க்கை எதிர்த்து ஓட்டுப் போட்டார். 1999-ல் கிளின்டன் பதவிநீக்க விசாரணையில், ஸ்காட்லாந்துச் சட்டத்தில் இருந்த மூன்றாவது வகைத் தீர்ப்பை இழுத்துவந்து 'நிரூபிக்கப்படவில்லை' என்றார். சபையில் இருந்தவர்கள் விழித்தார்கள். குற்றவாளி, குற்றவாளி அல்ல என்ற இரண்டில் ஒன்றைத்தானே சொல்ல வேண்டும்! அவருடைய ஓட்டு 'குற்றவாளி அல்ல' கணக்கில் சேர்ந்தது. இதெல்லாம் தைரியமா, வழக்கறிஞரின் சாமர்த்தியமா? இரண்டும்தான் என்பேன்.

2009-ல் ஒபாமாவின் பொருளாதார ஊக்கத் திட்டத்துக்கு செனட்டில் ஆதரவு கொடுத்த மூன்றே குடியரசுக் கட்சியினரில் இவரும் ஒருவர். கட்சிக்காரர்கள் கொதித்தார்கள். உட்கட்சித் தேர்தலில் பாட் டூமியிடம் தோற்பது உறுதி என்று தெரிந்ததும், அந்த ஏப்ரலிலேயே பழைய ஜனநாயகக் கட்சிக்குத் திரும்பிவிட்டார். காரணத்தையும் மறைக்கவில்லை: 'கட்சி மாறினால் நான் மறுபடி ஜெயிக்க முடியும்' என்று கேமரா முன்னால் சொன்னார். சாட்சி வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவருக்கா தெரியாது? ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் அவரை எதிர்த்த ஜோ செஸ்டாக் அந்த ஒரு வரியை அப்படியே டி.வி. விளம்பரமாக ஓட்டினார். 2010 மே மாதம் ஸ்பெக்டர் தோற்றார். நவம்பரில் அந்த செனட் இடத்தில் ஜெயித்தது யார் தெரியுமா? அதே பாட் டூமி!